அரங்க வாடகை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. தன்னார்வலர்கள் மட்டுமே நடத்தும் விழா என்ன செய்யலாம்?

கணக்குநோட்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் விழாவின் பொருளாளர் நான். மூன்று நாள் விழா. சம்பளம் வாங்குபவர் ஒருவர்கூட இல்லை. மேடை கட்டுவதிலிருந்து கழிவறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது வரை எல்லாம் நாங்களேதான்.

பத்து நாட்களுக்கு முன்பு அரங்கத்திலிருந்து அடுத்த ஆண்டுக்கான கொட்டேஷன் வந்தது. போன முறையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். குழுவில் பேசிப் பார்த்தோம். டிக்கெட் விலையை ஏற்றலாம் என்கிறார் ஒருவர். பெரிய ஸ்பான்சரைப் பிடிக்கலாம் என்கிறார் இன்னொருவர். ஒரு வருஷம் விட்டுவிடலாம் என்றும் ஒரு குரல்.

ஆனால் எனக்குத் தூக்கம் போனது வேறொரு பேச்சால். போன ஆண்டு துண்டு விழுந்ததை நாங்கள் ஆறு பேர் கைக்காசு போட்டு அடைத்தோம். விழாவுக்கு வந்த யாருக்கும் அது தெரியாது. "இந்த முறையும் அப்படியே சமாளித்துவிடலாம்" என்று கூட்டத்தில் ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார். கேட்டதும் பயந்துவிட்டேன். இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒலிப்பெட்டி

முதலில் அந்தக் கொட்டேஷனை வரி வரியாகப் பிரித்து எழுதுங்கள், அக்கா. "வாடகை" என்ற ஒரு சொல்லுக்குள் எட்டு ஒன்பது செலவு ஒளிந்திருக்கும். அறை வாடகை தனி. மின்சாரம் மீட்டர்படியா, மொத்தத் தொகையா? செக்யூரிட்டி ஆட்கள் எத்தனை பேர், எத்தனை மணி நேரம்? துப்புரவு, காப்பீடு, நாற்காலி மேசைக்குத் தனிக் கட்டணம், முன்பணம். எங்கள் ஒலி ஒளிக்காரரைத்தான் வைக்க வேண்டும், எங்கள் சமையல்காரரைத்தான் வைக்க வேண்டும் என்று சில இடங்களில் நிபந்தனையே இருக்கும். குறைந்தது இவ்வளவுக்கு உணவு வாங்குவோம் என்று உறுதி கேட்பவர்களும் உண்டு. வந்தவர்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்தத் தொகையை நீங்கள் கட்ட வேண்டும்.

எங்களுக்கு ஒரு வருஷம் ஏறியது அறை வாடகையே இல்லை. செக்யூரிட்டி வரி மட்டும் இரட்டிப்பாகியிருந்தது. கேட்டபோது, போன ஆண்டு விண்ணப்பத்தில் வருகை எண்ணிக்கையை நாங்களே கூட்டி எழுதியிருந்தது தெரிந்தது. மூன்று நாளும் சேர்ந்து வந்தவர்கள் என்று நாங்கள் எழுதியதை, ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். காவலாளிகளின் எண்ணிக்கையை அந்தக் கணக்கில்தான் வைக்கிறார்கள். திருத்திக் கொடுத்ததும் தொகை இறங்கியது.

இன்னொன்று, அமைப்பு வேலைக்கு ஒரு முழு நாள் எடுத்திருந்தால் அதை அரை நாளாக்குங்கள். காலி அரங்குக்கும் அதே வாடகைதான்.

பழையகை

ஒலிப்பெட்டி தம்பி சொல்வதோடு தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரங்கக்காரர்களிடம் நம் கையில் இருக்கும் பெரிய பிடி அதுதான். நிறுவனக் கூட்டங்களும் கண்காட்சிகளும் எந்த வாரத்தை விரும்புகின்றனவோ அந்த வாரத்தில் நாம் போய் நின்றால் மரியாதைகூடக் கிடைக்காது. யாரும் கேட்காத வாரத்தில் போனால் பேசலாம்.

ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற கணினி ஆர்வலர் சங்கம் "காங்கிரஸ்" என்ற பெயரில் நடத்தும் மாநாட்டைப் பாருங்கள். 1984-இல் ஹாம்பர்க்கில் தொடங்கியது. வழக்கமாக டிசம்பர் 27 முதல் 30 வரை. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் வணிகக் கண்காட்சிகள் அநேகமாக நடக்காது. பெரிய கூடங்கள் சும்மா கிடக்கும் நாட்கள் அவை. பிரிட்டனின் தேசிய அறிவியல் புனைவு மாநாட்டுக்குப் பெயரே ஈஸ்டர்கான். ஈஸ்டர் வார இறுதியில் ஹோட்டல்களுக்கு நிறுவன வாடிக்கையாளர்கள் குறைவு.

அந்தக் காங்கிரஸிடம் கற்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அது ஓரிடத்தில் வேர்விட்டு நிற்கவில்லை. 1998-இல் பெர்லினுக்குப் போனது. அங்கே இடம் போதாமல் 2012-இல் ஹாம்பர்க்குக்குத் திரும்பியது. அங்கே நடந்த மாநாட்டு மையத்தைப் புதுப்பிக்க மூடியபோது 2017-இல் லைப்சிக் கண்காட்சி வளாகம். 2023-இல் மறுபடி ஹாம்பர்க். ஒவ்வொரு மாற்றமும் தன்னார்வலர்களுக்குக் கடுமையான வேலைதான். ஆனால் கூட்டம் கூடவே போனது. "இந்த அரங்கம் இல்லாவிட்டால் விழாவே இல்லை" என்று நீங்கள் நினைப்பது அரங்கக்காரருக்குத் தெரிந்துவிட்டால் பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

புதுவரவு

டிக்கெட்டை மூன்றில் ஒரு பங்கு ஏற்றினால் சரியாகிவிடாதா? செலவு ஏறியது அவ்வளவுதானே?

ஒலிப்பெட்டி

இல்லை. அப்படி ஏற்றினால் வருபவர்களிடம் தேவைக்கு மேல் வாங்குகிறீர்கள். மொத்தச் செலவு நூறு பங்கு, அதில் அரங்கம் நாற்பது என்று வையுங்கள். நாற்பதில் மூன்றில் ஒரு பங்கு ஏறினால் பதின்மூன்று சொச்சம். மொத்தம் 113. எல்லா வரவும் டிக்கெட்டிலிருந்தே வந்தாலும் ஏற்ற வேண்டியது 13 சதவீதம்.

அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்ற முடியாது. 13 சதவீதம் ஏற்றியதால் பத்தில் ஒருவர் வராமல் போனால் வரவு 113-ஐ 0.9-ஆல் பெருக்கியது, அதாவது 102-க்குக் கொஞ்சம் குறைவு. செலவு 113. பதினொரு பங்கு துண்டு. வராதவருக்காக அரங்கம் ஒரு காசும் குறைக்காது, அது நிலைச்செலவு.

மூன்றாம்வரிசை

நான் எந்தக் குழுவிலும் இல்லை. விழாக்களுக்குப் போகிறவள் மட்டும். இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பத்தில் ஒருவர் நான்தான். டிக்கெட்டோடு முடிவதில்லையே. பயணம், தங்க இடம், விடுப்பு எடுத்தால் போகும் ஒருநாள் கூலி. ஒரு வருஷம் என்னால் முடியாது என்று தெரிந்தபோது ஒருவரிடமும் சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சலுகை டிக்கெட் இருந்தது. ஆனால் அதைக் கேட்க ஒரு மின்னஞ்சல் எழுதி நிலைமையை விளக்க வேண்டும். எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன்.

வேறொரு விழாவில் மூன்று விலை போட்டிருந்தார்கள். குறைந்த விலை, செலவுக்குச் சரியான விலை, பிறருக்கும் சேர்த்துக் கொடுக்கும் விலை. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், யாரும் காரணம் கேட்கவில்லை. முதல் வருஷம் குறைந்த விலையில் போனேன். நிலைமை தேறிய பிறகு இரண்டு வருஷமாக மேல் விலைதான் கொடுக்கிறேன். கேள்வி கேட்காமல் உள்ளே விட்டதுதான் காரணம். நடுவிலையின் பக்கத்தில் "ஒருவருக்கு எங்களுக்கு ஆகும் செலவு இது" என்று ஒரே வரி எழுதியிருந்தார்கள். அந்த வரிதான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

கணக்குநோட்டு

தங்கச்சி, இதை எழுதியதற்கு நன்றி. எங்கள் சலுகை டிக்கெட்டுக்கும் மின்னஞ்சல்தான் கேட்கிறோம். யாரும் கேட்பதில்லை, அதனால் தேவை இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரைச்சீலை

நான் மேடை அமைப்புப் பக்கம். ஒலிப்பெட்டி அண்ணன் சொன்ன ஒன்றை மட்டும் வலுவாக மறுக்கிறேன். அமைப்பு நாளை அரை நாளாக்குவது.

நாங்கள் செய்து பார்த்தோம். முதல் நாள் இரவு பதினொரு மணிக்குத்தான் கதவைத் திறந்துவிட்டார்கள். காலை ஒன்பதுக்குப் பார்வையாளர்கள். பகலெல்லாம் சொந்த வேலை பார்த்துவிட்டு வந்த இருபது பேர் ராத்திரி முழுக்க நின்றோம். விடியற்காலை நாலரை இருக்கும். ஏணி மேல் விளக்குக் குழாயை முடுக்கிக்கொண்டிருந்த பையனின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. கீழே கேபிள் சுருட்டிக்கொண்டிருந்த பெண்ணின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி மரத்தரையில் குத்தி நின்றது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு அசதி. ஸ்பேனரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடி சுருட்ட ஆரம்பித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கை கால் உதறியது.

அடுத்த ஆண்டு அந்த இருவரும் வரவில்லை. கணக்கில் அரை நாள் வாடகை மிச்சம் என்று எழுதினோம். இரண்டு பேர் போனதை எந்த வரியில் எழுதுவது என்று தெரியாமல் எழுதாமலேயே விட்டுவிட்டோம்.

அரங்கம் விலை ஏற்றும்போது தன்னார்வக் குழு முதலில் கை வைப்பது தன் ஆட்களின் உடம்பில்தான், ஏனென்றால் அதற்குப் பில் வராது. பொருளாளர் அக்கா சொன்ன கைக்காசும் அதே வகைதான். விழாவை உண்மையில் எவ்வளவு செலவில் நடத்துகிறோம் என்று வருபவர்களுக்குத் தெரியாமல் சிலர் உள்ளுக்குள் தாங்கிக்கொள்கிறார்கள். தாங்குபவர் ஒருநாள் விலகினால் விழா அதோடு நிற்கும். குறைக்க வேண்டுமென்றால் விழாவைக் குறையுங்கள். ஒரு கூடத்தை விடுங்கள், மூன்று நாளை இரண்டு நாளாக்குங்கள். கட்டுவதற்கும் பிரிப்பதற்கும் ஆகும் நேரத்தைத் தொடாதீர்கள்.

ஒலிப்பெட்டி

திரைச்சீலை, நீ சொல்வதுதான் சரி. எங்கள் விழாவில் அமைக்க வேண்டியது மிகக் குறைவு. அந்த நினைப்பில் பொதுவாகச் சொல்லிவிட்டேன். அந்த யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

நடுக்கூடம்

பல்கலைக்கழக வளாகம் கேட்டுப் பார்த்தீர்களா? பெல்ஜியத்தின் ஃபாஸ்டெம் இருக்கிறதே, திறந்த மூல மென்பொருள்காரர்கள் கூடுவது. பிரஸ்ஸல்ஸில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில்தான் இத்தனை ஆண்டுகளாக நடக்கிறது. ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, முன்பதிவுகூட இல்லை. நன்கொடையும் ஸ்பான்சரும்தான். நடத்துவது தன்னார்வலர்கள்.

பழையகை

நல்ல உதாரணம்தான். ஆனால் அங்கே கிடைக்கும் வசதியோடு கட்டுப்பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வகுப்பறை வகுப்பறையாகவே இருக்கும், இருக்கைக்கு மேல் ஆள் ஏற்ற முடியாது. அறை நிறைந்ததும் கதவைச் சாத்துவது ஃபாஸ்டெமில் வழக்கமான காட்சி. பேச்சும் பட்டறையும் என்றால் வளாகம் அருமையாகப் பொருந்தும். நிகழ்த்துகலை, இரவு நிகழ்ச்சி, பெரிய மேடை என்றால் பொருந்தாது. வளாகத்துக்கு உள்ளேயிருந்து ஒரு துறையோ மாணவர் அமைப்போ கூட்டாக நடத்த முன்வருகிறதா என்று முதலில் பாருங்கள். வெளியாள் என்றால் அங்கேயும் வாடகைப் பட்டியல்தான் நீட்டுவார்கள். ஆண்டுத் தேர்வு அட்டவணை மாறினால் உங்கள் தேதியும் மாறும்.

வாசல்காப்பான்

நான் கணக்குநோட்டு அக்கா குழுதான், நுழைவாயில் பொறுப்பு. ஒரு வருஷம் விட்டுவிடலாம் என்று சொன்ன குரல் என்னுடையது. விழா மேல் பிரியம் இல்லாமல் சொல்லவில்லை. மூச்சு வாங்க நேரம் வேண்டும் என்றுதான் சொன்னேன்.

பழையகை

தம்பி, அதில் தப்பே இல்லை. நெதர்லாந்தில் ஹேக்கர்கள், அதாவது கணினி ஆர்வலர்கள், கூடாரம் போட்டுக் கூடும் முகாம்கள் 1993-இலிருந்து நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான். ஒவ்வொரு முறையும் பெயர்கூட வேறு. 2021-இல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய் 2022-இல் நடந்தது, அதற்கு அடுத்தது 2025-இல். நான் முன்பு சொன்ன கேயாஸ் கிளப்பின் கோடை முகாம் 1999 முதல் அதே நான்கு ஆண்டு இடைவெளி, ஆனால் இரண்டு ஆண்டு தள்ளி. ஒருவர் ஓய்வில் இருக்கும்போது மற்றவர் நடத்துகிறார். இரண்டுக்கும் போகிறவர்கள் பலர். கூடாரம், மின்கம்பி எல்லாம் சுமந்து வயல்வெளியில் ஒரு ஊரையே எழுப்புகிறவர்கள் அவர்கள். ஆண்டுதோறும் என்றால் யாராலும் முடியாது.

பெரிய அளவில் பார்த்தால் பிரிட்டனின் கிளாஸ்டன்பரி இசை விழாவே 2006, 2012, 2018 ஆகிய ஆண்டுகளில் நிலத்துக்கு ஓய்வு கொடுத்து நின்றது. அது தொழில்முறை விழா, நம் கதை வேறு. ஆனாலும் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் மக்கள் மறந்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு அது ஒரு பதில்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. இடைவெளி விடுவதானால் அடுத்த தேதியை முதலிலேயே அறிவித்துவிட்டு விடுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று விட்டால் ஆட்கள் வேறு வேலையில் போய்விடுவார்கள்.

நடுக்கூடம்

ஸ்பான்சர் பற்றி யாரும் பேசவில்லையே?

ஒலிப்பெட்டி

ஸ்பான்சர் வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரங்க வாடகையை ஒரே ஸ்பான்சர் தலையில் வைக்காதீர்கள். வாடகை ஆண்டுதோறும் வரும், ஸ்பான்சர் அப்படி வருவார் என்ற உறுதி இல்லை. அவர் பணம் இல்லாவிட்டால் நின்றுவிடக்கூடிய செலவுக்கு மட்டும் அவர் பணத்தைப் பயன்படுத்துவது நல்லது. பதிவு செய்த காணொளி, கூடுதல் விளக்கு, தொலைவிலிருந்து வரும் கலைஞரின் பயணம், இப்படி.

மூத்தஉறுப்பினர்

உலக அறிவியல் புனைவு மாநாடு, வேர்ல்ட்கான், 1939-இல் தொடங்கியது. இன்றும் தன்னார்வலர்கள்தான். இடத்துக்கான பணத்தை அவர்கள் திரட்டும் முறை எனக்குப் பிடிக்கும். எந்த ஊரில் நடப்பது என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். வாக்களிப்பவர் கட்டும் கட்டணமே அந்த வருங்கால மாநாட்டில் அவருடைய உறுப்பினர் கட்டணத்தின் தொடக்கம். வெற்றி பெற்ற குழுவுக்கு அது முதல் பணம். அரங்கத்துக்கு முன்பணம் கட்டக் கையில் ஏதோ இருக்கிறது. நேரில் வர முடியாதவர்களும் குறைந்த கட்டணத்தில் உறுப்பினராகி, மாநாடு வழங்கும் ஹியூகோ என்ற அறிவியல் புனைவு விருதுக்கு வாக்களிக்கலாம். மிச்சம் வந்தால் அதில் பாதியை அடுத்து நடத்தப்போகும் குழுக்களுக்குக் கொடுப்பது அங்கே நெடுநாள் மரபு. மேடையில் பேசுகிறவரும், குழுவில் உழைக்கிறவரும் முதலில் உறுப்பினர் கட்டணம் கட்டுகிறார்கள். மிச்சம் இருந்தால் பிறகு திருப்பிக் கொடுக்கிறார்கள்.

கடைசி விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. உழைப்பவரிடமே கட்டணம் வாங்குவது எல்லாக் குழுவுக்கும் ஒத்துவராது. திரைச்சீலை சொன்னதைப் படித்த பிறகு தயக்கம் இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் அடுத்த விழாவுக்கான பணத்தை இந்த விழாவிலேயே சேர்க்கத் தொடங்குவதை எந்தச் சிறு குழுவும் செய்யலாம்.

கணக்குநோட்டு

ஐந்து நாள் கழித்து வருகிறேன். சொன்னபடி கொட்டேஷனைப் பிரித்தோம்.

அறை வாடகை ஏறியது உண்மை, ஆனால் மொத்த ஏற்றத்தில் பாதிதான் அது. மீதியில் பெரும்பங்கு மின்சாரமும் துப்புரவும். துப்புரவு ஏன் இவ்வளவு என்று நேரில் போய்க் கேட்டேன். அரங்க மேலாளர் கோபப்படவில்லை. கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். எங்கள் விழா முடிந்த மறுநாள் காலை எடுத்தது. கேபிளை ஒட்டிய டேப்பை உரித்த இடமெல்லாம் கறுப்புப் பிசின் கோடுகள், வாசலிலிருந்து மேடை வரை. அவர்களுடைய ஆட்கள் இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க முட்டிபோட்டுச் சுரண்டியிருக்கிறார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர்களும் நம்மைப் போலத்தானே, கூலி வாங்குவது ஒன்றுதான் வித்தியாசம். இனிமேல் பிசின் விடாத துணி டேப், நடைபாதையில் ரப்பர் கேபிள் மூடி என்று எழுதிக் கொடுத்தேன். துப்புரவுத் தொகையைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார்.

அப்புறம் தேதியைப் பற்றிப் பேசினேன். இரண்டு வாரம் தள்ளிப்போனால் அறை வாடகையில் குறைக்க முடியும் என்றார். இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து ஒப்பந்தம் போட்டால் இரண்டாம் ஆண்டு ஏற்றத்துக்கு ஒரு வரம்பு எழுதித் தருவதாகவும் சொன்னார். இரண்டாம் ஆண்டை ஆறு மாதத்துக்கு முன்பே ரத்து செய்தால் முன்பணம் மட்டும் போகும், முழு வாடகை கட்ட வேண்டாம் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் துண்டு இருக்கிறது. நேற்றுக் குழுக் கூட்டத்தில் கணக்கு முழுவதையும் திரையில் போட்டேன். போன ஆண்டு ஆறு பேர் போட்ட கைக்காசையும் ஒரு வரியாகச் சேர்த்திருந்தேன், பெயர் இல்லாமல். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வாசல்காப்பான்தான் முதலில் பேசினார்.

வாசல்காப்பான்

நான் அந்த ஆறு பேரில் இல்லை. எனக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் போன ஆண்டே மாடிக்கூடம் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். மாடிக்கூடத்தில் ஒரு நேரத்தில் முப்பது பேருக்கு மேல் நான் பார்த்ததில்லை. அதற்குத் தனி வாடகை, தனி ஒலிக்கருவி, படிக்கட்டுக்கு ஒரு காவலாளி. அந்தக் கூடத்தை விட்டுவிடலாம் என்று நேற்று முடிவு செய்தோம். அங்கே நடந்த பட்டறைகள் கீழ்த்தளச் சிறிய அறைக்கு வருகின்றன. அமைப்பு நாளில் கை வைக்கவில்லை.

ஒரு வருஷம் விடும் யோசனையை நானே இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டேன். இரண்டாம் ஆண்டு விழா முடிந்த பிறகு இடைவெளி விடலாமா என்று உறுப்பினர்கள் எல்லோரிடமும் கேட்போம்.

கணக்குநோட்டு

மூன்று விலையும் வருகிறது, மின்னஞ்சல் கேட்பது போகிறது. நடுவிலைக்குப் பக்கத்தில் மூன்றாம்வரிசை சொன்ன அதே வரி. அறிவிப்போடு கணக்குத் தாளையும் வெளியிடுகிறோம், கைக்காசு வரியோடு. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் அந்த வரி வேண்டாம் என்றார்கள். செய்ததை வெளியே சொல்வது போலிருக்கிறது என்று சங்கடப்பட்டார்கள். சேர்க்காவிட்டால் போன ஆண்டு டிக்கெட் விலை செலவுக்குப் போதுமானதாக இருந்தது போலத் தோன்றும், அது பொய்க் கணக்கு என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். டிக்கெட் வரவில் சிறு பங்கு அடுத்த விழாவின் முன்பணத்துக்குத் தனியாகப் போகும்.

எண்ணிக்கை எப்படி வருகிறது என்று பதிவு தொடங்கி ஒரு மாதத்தில் இங்கேயே எழுதுகிறேன்.

திரைச்சீலை

அக்கா, ஒரு சந்தேகம். கீழ்த்தளச் சிறிய அறையின் கதவு என்ன அகலம்? பட்டறை மேசைகள் தள்ளுவண்டியோடு நுழையாவிட்டால் ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டியிருக்கும். அதற்கு இன்னும் நான்கு பேர் வேண்டும்.

வாசல்காப்பான்

நாளை சாயங்காலம் ஒப்பந்தத்தோடு அங்கேதான் போகிறேன். அளவு நாடா எடுத்துப் போய் அளந்து சொல்கிறேன்.